மூச்சை இழுக்காத ஸ்டெல்லா

வகுப்புக்கு வருகிறவர்கள் உங்களைச் சந்தேகமாகப் பார்த்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான். தண்டலம் பக்கத்துக் கல்லூரிகளுக்கும் ஒரகடத்துக் கம்பெனிகளுக்கும், இளைஞர்களின் மனநலத்துக்காக என்று சொல்லி யோகாவும் மூச்சுப் பயிற்சியும் சொல்லிக்கொடுக்க உங்களை அனுப்புகிறார்கள். நீங்களும் பாயைச் சுருட்டிக்கொண்டு நம்பிக்கையோடு போகிறீர்கள். பின் வரிசையில் ஒரு பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு, 'இவங்களை யாரு அனுப்பினது, எதுக்கு அனுப்பினாங்க?' என்கிற பார்வையோடு உட்கார்ந்திருக்கும். அந்தக் கேள்வி நியாயமானது. நான் ஒருமுறை அந்தக் கேள்விக்கு மிக மோசமான பதிலாக இருந்திருக்கிறேன்.

1991. எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. தாம்பரத்தில் இருந்துகொண்டு இரண்டு பள்ளிக்கூடங்களில் யோகாசனம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம் மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். அதன்பிறகு பல மாதங்களுக்கு எங்கள் பக்கத்தில் புதுமுகம் என்றாலே இரண்டு தரம் பார்ப்பார்கள். பஸ்ஸை நடுவழியில் நிறுத்திப் பையைத் திறக்கச் சொல்வார்கள். சுருட்டிய பாய்க்குள் என்ன இருக்கிறது என்று ரோட்டோரத்தில் நான் விரித்துக் காட்டியிருக்கிறேன்.

இன்றைக்கு இருக்கிற ஒரகடம் அப்போது கிடையாது. ஏரி, வயல், நடுநடுவே ஒன்றிரண்டு கம்பெனிகள். அதில் ஒன்று ஏற்றுமதிக்கு ஷூவின் மேல்தோல் தைக்கும் இடம். நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள், பெரும்பாலும் பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வயதுக்காரிகள், சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து கம்பெனி வேனில் வந்து வேலை செய்தார்கள். அந்த இடத்து மேனேஜர் ஆகஸ்ட் மாதம் எனக்குச் சொல்லியனுப்பினார்.

"பொண்ணுங்க மயக்கம் போட்டு விழுறாங்க மேடம்" என்றார். "ஒருத்தி விழுந்தா பின்னாடியே ரெண்டு பேர் விழுறாங்க. டாக்டர் பார்த்துட்டு ரத்தம், பிரஷர் எல்லாம் நார்மல், மனசுதான் வீக்குன்னுட்டாரு. எனக்கென்னவோ நடிப்புன்னுதான் தோணுது. வேலை செய்யாம இருக்க யாரோ கிளப்பி விடுறாங்க. நீங்க மூச்சுப் பயிற்சி குடுங்க. அப்படியே யாரு என்னன்னு கொஞ்சம் கவனிச்சு சொல்லுங்க."

பயிற்சி கொடுங்கள், கவனித்துச் சொல்லுங்கள். ஒரே மூச்சில் சொன்ன இரண்டும் ஒரே வேலை இல்லை என்பது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை. தலையாட்டிவிட்டு வந்தேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இருபத்தைந்து நிமிடம் வகுப்பு. தையல் ஹாலின் ஒரு மூலையைக் காலி செய்து கொடுத்தார்கள். ஒரு பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் தோல் துண்டுகளுக்குச் சொல்யூஷன் தடவி ஒட்டுகிற செக்ஷன். சைக்கிள் பஞ்சர் ஒட்டும்போது வருமே, அந்த வாசனை. முதல் நாள் எனக்குக் கண் எரிந்தது. நாலாவது நாள் வாசனையே தெரியவில்லை. பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் வகுப்பிலேயே ஒருத்தி எழுந்து கேட்டாள். "டீச்சர், இதுல சாமி பேரு எதுனா சொல்லணுமா?"

கழுத்தில் சின்னச் சிலுவை. பெயர் ஸ்டெல்லா. ஒட்டுகிற செக்ஷனில் வேலை. வயது பத்தொன்பது இருக்கும்.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்மா. மூச்சை இழுத்து விட்டா போதும்" என்றேன்.

அவள் உட்கார்ந்தாள். ஆனால் மூச்சை இழுக்கவில்லை. இந்த வேலையில் கொஞ்ச நாள் இருந்தால் உங்களுக்கே தெரிந்துவிடும், இழுக்கிறவளின் தோளும் விலாவும் அசையும். ஸ்டெல்லாவுக்கு அசையவே இல்லை. தாவணித் தலைப்பை மூக்கோடு பிடித்துக்கொண்டு இருபத்தைந்து நிமிடமும் சும்மா இருப்பாள். 'வேறு மதத்துச் சமாச்சாரம் என்று ஒதுங்குகிறாள்' என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அவளிடம் கேட்கவில்லை. என்னிடம் ஒரு நோட்டு உண்டு. யார் வந்தார்கள், யார் ஒழுங்காகச் செய்தார்கள், யார் விழுந்தார்கள் என்று அதில் எழுதுவேன். ஸ்டெல்லாவின் பெயருக்கு எதிரே 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதினேன்.

இரண்டாவது வாரம் கலா என்கிற பெண் என் வகுப்பிலேயே விழுந்தாள். ஆழமாக இழுத்து நிறுத்தச் சொல்லியிருந்தேன். இழுத்தாள், அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டாள். தண்ணீர் தெளிக்கக் குனிந்தபோது அவளுடைய இமைகள் படபடவென்று துடித்தன. மேனேஜர் சொன்னது சரிதானோ, நடிக்கிறாளோ என்று தோன்றியது. ஒருவரைப் பற்றிச் சந்தேகத்தை முன்கூட்டியே காதில் போட்டுக்கொண்டு போனால் கண் அதற்குத் தோதாகத்தான் பார்க்கும்.

மறுநாள் மூச்சை இழுக்கச் சொல்லிவிட்டு வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தேன். ஸ்டெல்லா பக்கத்தில் இருந்தவளிடம் கிசுகிசுத்தது தெளிவாகக் கேட்டது.

"ஆழமா இழுக்காதடி. இழுக்குற மாதிரி சும்மா காட்டு."

அன்று சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டார். நான் நோட்டைத் திறந்தேன். ஸ்டெல்லா பயிற்சி செய்வதில்லை, மற்றவர்களையும் செய்யவிடாமல் தடுக்கிறாள் என்றேன். இரண்டே வாக்கியம். அவர் மேஜையில் ஒரு தட்டு தட்டினார்.

"நான் நினைச்சது சரிதான்!"

அடுத்த திங்கட்கிழமை வேனில் ஸ்டெல்லா இல்லை. இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். வகுப்பில் எல்லோரும் நான் சொன்னபடி இழுத்தார்கள், விட்டார்கள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கலாவிடம் போய், "ஸ்டெல்லா ஏன் வரலை?" என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியாதா டீச்சர்?" என்றாள்.

கிளப்பி விடுகிறவள் என்று நினைத்தவளை வெளியே அனுப்பியாயிற்று. ஆனால் அந்த வாரம் மூன்று பேர் விழுந்தார்கள். அதற்கடுத்த வாரம் நாலு பேர். மேனேஜர் அடுத்த பெயரைக் கேட்டார். நான், "இன்னும் பார்க்கணும் சார்" என்று இழுத்தேன். அப்போதுதான் முதல்முறையாக என்மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. வந்தும் ஒன்றும் செய்யவில்லை. தினமும் போய் வகுப்பெடுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு வியாழக்கிழமை, நல்ல புழுக்கம், வகுப்பு நடக்கும்போது கரண்ட் போய்விட்டது. ஃபேன்கள் நின்றன. பெண்கள் தங்களுக்குள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஃபேன் இல்லைன்னா என்ன, இப்பதான் மூச்சு முக்கியம்" என்று வசனம் பேசிவிட்டு, எப்படி இழுக்க வேண்டும் என்று நானே செய்து காட்டினேன். நீளமாக, அடிவயிறு வரைக்கும். ஐந்தாறு முறை செய்திருப்பேன். விரல் நுனியெல்லாம் மரத்துப்போன மாதிரி இருந்தது. தடுப்புப் பலகை மெல்லச் சாய்கிறதே, யாராவது பிடிக்கக் கூடாதா என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

கண் விழித்தபோது வெளியே சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்தில் தரையில் படுத்திருந்தேன். முகமெல்லாம் தண்ணீர். கலா என் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"டீச்சர், நீங்களும் நடிக்கிறீங்களா?"

அதில் கேலி இல்லை. கோபமும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போலத்தான் கேட்டாள். என் வேலைக்காலம் முழுவதிலும் யாரும் என்னை அதைவிடக் கூர்மையாக ஒன்று கேட்டதில்லை.

எழுந்து உட்கார்ந்து, "ஸ்டெல்லா உங்ககிட்ட என்ன சொன்னா?" என்றேன்.

கலா ஹால் வாசலை ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "அந்த சொல்யூஷன் நாத்தந்தான் டீச்சர். முன்னெல்லாம் ஜன்னல் தொறந்து கெடக்கும், ஒண்ணும் ஆவாது. ஜூன் மாசம் எல்லா ஜன்னலுக்கும் ஆணி அடிச்சிட்டாங்க. அதுக்கப்புறந்தான் தல சுத்த ஆரம்பிச்சிது. கரண்ட் போற அன்னிக்குதான் ரொம்ப பேரு விழுறாங்கன்னு ஸ்டெல்லா எண்ணிக்கினே இருந்தா. அதான் ஆழமா இழுக்காதன்னு சொன்னா."

"ஏன் ஆணி அடிச்சாங்க?"

"நாங்க தோல ஜன்னல் வழியா வெளில வீசறமாம். வெளில எவனோ நின்னு பொறுக்கிக்கினு போறானாம். யாரும் வீசல டீச்சர். கேட்டா யாரு நம்பறாங்க?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நோட்டுல எழுதுவீங்க."

ஹாலுக்குள் போய்ப் பார்த்தேன். ஏழு ஜன்னல்கள். ஒவ்வொன்றிலும் தடித்த தலையுள்ள ஆணிகள், வரிசையாக. ஒரு மாதமாக அந்த ஜன்னல்களுக்குக் கீழேதான் உட்கார்ந்து 'காற்றை உள்ளே வாங்குங்கள்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு தரமும் நிமிர்ந்து பார்த்ததில்லை. வேகவேகமாக ஆழ மூச்சு இழுத்தாலே சிலருக்குத் தலை சுற்றும் என்பது நமக்குப் பால பாடம். அதோடு அந்தப் பசையின் ஆவியும் சேர்ந்தால்? விஷத்தை இன்னும் கொஞ்சம் ஆழமாக இழு என்று கூலி வாங்கிக்கொண்டு சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் காலை மேனேஜரின் அறைக்குப் போனேன். அவர் எனக்காக ஒரு தாளை டைப் அடித்து வைத்திருந்தார். மெட்ராஸ் தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டியது. பெண்களின் மயக்கத்துக்கு மன பலவீனமும் குடும்பக் கவலைகளும்தான் காரணம் என்று பயிற்சியாளராகிய நான் கருதுவதாக அதில் இருந்தது. கீழே என் பெயர், கையெழுத்துக்கு இடம்.

"சார், ஜன்னலைத் திறங்க" என்றேன். "எல்லாம் அந்தப் பசை வாசனைதான். நேத்து நானே விழுந்தேன்."

"கேள்விப்பட்டேன்." நாற்காலியில் சாய்ந்துகொண்டு என்னை அளந்தார். "உங்களுக்கு யாரு மேடம் இதைச் சொல்லிக் குடுத்தது? வெளியிலேர்ந்து யாராவது வந்து உங்களைப் பார்த்தாங்களா?"

"யாரும் பார்க்கலை. ஜன்னலைத்தான் நான் பார்த்தேன்."

"திறக்க முடியாது. தோல் குறையுதுன்னு மெட்ராஸ்ல என்னையே திருடன் மாதிரி பார்க்குறாங்க. உங்களுக்கு அதெல்லாம் தெரியாது." அவர் குரல் ஒரு கணம் இறங்கியது. அவரைச் சந்தேகப்படுகிறவர்கள் மேலே இருந்தார்கள். அவர் சந்தேகப்படக் கிடைத்தவர்கள் கீழே இருந்தார்கள். "கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க."

பேனாவை எடுத்துவிட்டேன். உங்களிடம் மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. அந்தத் தாளில் இருந்தது முழுப் பொய்யாக இருந்திருந்தால் சுலபம், எடுத்தெறிந்திருப்பேன். பாதி உண்மையாக இருந்ததுதான் தொல்லை. அந்தப் பெண்களுக்குக் கவலைகள் இல்லாமல் இல்லை. ஒருத்திக்குப் பிடிக்காத இடத்தில் நிச்சயம் செய்திருந்தார்கள். ஒருத்தியின் அப்பா குடித்துவிட்டு அடிப்பார். ஆக, எழுதியிருப்பது தப்பில்லையே என்று கை சமாதானம் சொன்னது. புதியவர்களே, உங்கள் முன்னாலும் இப்படிப்பட்ட தாள்கள் வைக்கப்படும். 'இளைஞர்களுக்கு மன உறுதி போதவில்லை' என்று இருக்கும். அதில் பாதி உண்மையாகவும் இருக்கும். எழுதாமல் விட்ட பாதி எது என்று தேடுங்கள்.

பேனாவை மேஜையில் வைத்தேன்.

"சார், நாளைக்கு மதியம் ஃபேனை நிறுத்திட்டு, எங்களோட நீங்களும் ஒரு இருபது நிமிஷம் உட்கார்ந்து மூச்சு இழுங்க. அப்புறமும் இது மனசுதான்னு நீங்க சொன்னா, கையெழுத்துப் போடறேன்."

ஹாலில் அந்தத் தடுப்புப் பலகை இருந்த பக்கம் அவர் கண் போனது. போய்த் திரும்பியது.

"எனக்கு வேற வேலை இல்லையா?" என்றார்.

அவருக்கும் தெரிந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முழுக்கத் தெரியாவிட்டாலும், உட்கார்ந்து பார்க்கப் பயப்படுகிற அளவுக்குத் தெரிந்திருக்கிறது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். சரி என்று வந்துவிட்டேன்.

வீட்டில் உட்கார்ந்து தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஜன்னல்கள், ஆணிகள், கரண்ட் போன நாட்கள், நான் விழுந்தது எல்லாவற்றையும் எழுதினேன். ஸ்டெல்லாவைப் பற்றி நான் சொன்ன இரண்டு வாக்கியங்களையும், அவை தவறு என்பதையும் எழுதினேன். கடைசியில் என் பெயரும் விலாசமும். மொட்டைக் கடிதமாகப் போட்டிருக்கலாம். ஆனால் யார் எழுதியிருப்பார்கள் என்ற சந்தேகம் மறுபடியும் அந்தப் பெண்கள்மேல்தான் விழும்.

ஒரு மாதம் எந்தத் தகவலும் இல்லை. அதன்பிறகு படப்பை பஸ் ஸ்டாண்டில் கலாவைப் பார்த்தேன். ஆய்வாளர் அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்களாம். ஆணிகளைப் பிடுங்கிவிட்டு, ஒட்டுகிற செக்ஷனில் காற்றை வெளியே தள்ள இரண்டு பெரிய ஃபேன் வைத்துவிட்டார்களாம். மயக்கம் ஏறக்குறைய நின்றுவிட்டது. ஒன்றிரண்டு பேர் மட்டும் இன்னும் விழுகிறார்கள் என்றாள். அவர்களுக்கு நிஜமாகவே மனசில் ஏதோ இருந்திருக்க வேண்டும். என் பயிற்சி அவர்களுக்கு உதவியிருக்கும். ஆனால் அங்கே நான் இல்லை.

ஸ்டெல்லாவைப் பார்க்கப் போக எனக்கு அதுவரை தைரியம் வரவில்லை. ஜன்னல் திறந்த செய்தி கையில் கிடைக்கட்டும் என்று காத்திருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அதுவும் கோழைத்தனம்தான். கலாவிடம் வழி கேட்டுக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். தண்டலத்தில் இறங்கி உள்ளே நடக்க வேண்டும். சர்ச்சுக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார்கள். அவளுடைய அம்மா வாசலிலேயே மறித்தார்.

"யாரு நீங்க? கம்பெனிலேர்ந்தா? இன்னா வோணும்?"

"யோகா டீச்சர்ம்மா. ஸ்டெல்லாவைப் பார்க்கணும்."

ஸ்டெல்லா உள்ளேயிருந்து வந்தாள். இளைத்திருந்தாள். நான் பேச ஆரம்பிக்கும் முன்பே, "ஜன்னல் தொறந்துட்டாங்கன்னு கலா சொன்னா. அதுக்கு இன்னா இப்போ?" என்றாள்.

"உன் பேரைக் கொடுத்தது நான்தான்."

"தெரியும்."

"சிலுவை போட்டிருக்கே, அதனாலதான் யோகா செய்ய மாட்டேங்கிறேன்னு நினைச்சேன். உன்னைக் கேட்டிருக்கணும். கேட்காதது என் தப்பு."

சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. "மூச்சு வுடறதுக்கு இன்னாத்துக்கு டீச்சர் மதம்?"

மறுபடியும் வேலைக்குக் கூப்பிட்டால் போவாயா என்று கேட்டேன். போக மாட்டேன் என்று தலையாட்டினாள். அவளுடைய அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். நானும் கிளம்பலாம் என்று திரும்பினேன்.

"வேல போனதுலேர்ந்து ஊர்ல ஒரு மாதிரி பாக்குறாங்க" என்றாள் ஸ்டெல்லா. என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னாள். "தோலத் திருடிட்டா, அதான் தொரத்திட்டாங்கன்னு பேசிக்கிறாங்க. கடைக்குப் போனாக்கூட நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குது. கை ஜில்லுனு ஆயிடுது. செத்துருவனோன்னு இருக்குது. இங்க சொல்யூஷன் நாத்தங்கூட இல்ல."

மனசில் ஒன்றும் இல்லாதவர்களுக்கு மனசு சரியில்லை என்று சொன்னோம். அதை நம்பாத ஒருத்தியைச் சந்தேகப்பட்டு விரட்டி, இப்போது அவளை நிஜமாகவே அந்த இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டோம்.

"நீங்க சொல்லிக் குடுத்தீங்களே, அது இதுக்கு கேக்குமா?"

கேட்கும் என்று சொல்லத்தான் வாய் வந்தது. நான் இந்த வேலையில் இருந்த முப்பது வருடமும் அந்த ஆசை நாக்கு நுனியில் நின்றுகொண்டுதான் இருந்தது. உங்களுக்கும் இருக்கும்.

"தெரியலை" என்றேன். "கொஞ்சம் கேட்கலாம். செய்து பார்த்துட்டு நீயே சொல்லு. கேட்கலைன்னா நல்ல டாக்டரைப் பார்க்கலாம், நானும் கூட வரேன்."

வாசற்படியில் உட்கார்ந்தாள். நான் எதிரே தரையில் உட்கார்ந்தேன். பழக்க தோஷத்தில், "கண்ணை மூடிக்கோம்மா" என்றேன்.

"மூட மாட்டேன்."

"சரி, திறந்தே இருக்கட்டும்."

ஆழமாக இழுக்கவே சொல்லவில்லை. வருகிற மூச்சு வரட்டும், வெளியே போகிறதை மட்டும் கொஞ்சம் நீளமாக விடு, கஷ்டமாக இருந்தால் உடனே நிறுத்திவிடு என்றேன். அவள் கண்ணை என்மேலிருந்து எடுக்கவில்லை. நான் ஏதாவது தந்திரம் செய்கிறேனா என்று பார்க்கிறவள் போலப் பார்த்துக்கொண்டே மூச்சை விட்டாள். தெருவில் ஒரு சைக்கிள் போனபோது தோள் விறைத்தது. பிறகு தளர்ந்தது. பத்து நிமிடம் இருக்கும். அவளுடைய விலா அசைவதை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன்.

"எப்படி இருக்கு?"

உள்ளங்கைகளைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டாள். "கொஞ்சம் தேவல." பிறகு, "நாளைக்கும் வருவீங்களா?"

"வரேன்."

"வந்தா பாக்கலாம்" என்றாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போனேன். என்னைக் கண்டதும் ஸ்டெல்லா சிரிக்கவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை. உள்ளே போய் இரண்டு பாய்களை எடுத்துக்கொண்டு வந்தாள்.